நோயில்லா நெஞ்சுக்கு அழுத்தச் சோதனை

சிங்கப்பூரின் 1980–84 இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வொன்று, இதயத் தமனி நோயால் இறக்கும் வீதம் சீனர்களைவிட இந்தியர்களிடையே ஆண்களில் 3.8 மடங்கும் பெண்களில் 3.4 மடங்கும் இருப்பதைக் காட்டியது. எனவே, எந்தத் தொல்லையும் இல்லாத சிராங்கூன் சாலைத் தமிழர் ஒருவரும் தனியார் பரிசோதனைத் தொகுப்புகளில் இதயப் படச் சோதனையைத் தேடுவதில் வியப்பில்லை.

உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்தை அழுத்தத்துக்கு உள்ளாக்கி, இதயத் தசையின் எப்பகுதிக்கு இரத்தம் போதவில்லை என்பதை எக்கோ கருவியாலோ சிறிதளவு கதிரியக்கப் பொருளாலோ படமாக்குவதே அழுத்தப் படச் சோதனையாகும். நோயுள்ளவர்களில் 85 விழுக்காட்டினரையும் நோயற்றவர்களில் 80 விழுக்காட்டினரையும் சரியாக இனங்காணும் சோதனை ஒன்றை உதாரணத்துக்குக் கொள்வோம். நூற்றுக்கு இருவருக்கு மட்டுமே நோயுள்ள 1,000 பேரிடம் அதைச் செய்தால், நோயாளிகள் இருபதின்மரில் 17 பேர் பிடிபடுவர். நலமாயிருக்கும் 980 பேரில் 196 பேருக்கும் நோய் இருப்பதாகவே முடிவு வரும். ஆக, 'பாசிட்டிவ்' என்று கேட்டுக் கலங்கும் 213 பேரில் உண்மையில் நோயுள்ளவர் நூற்றுக்கு எட்டுப் பேரே. அதே சோதனையைப் பாதிப்பேருக்கு நோயுள்ள கூட்டத்தில் செய்தால், பாசிட்டிவ் முடிவுகளில் ஐந்தில் நான்கு மெய்யாகும். பேயஸின் நிகழ்தகவுக் கணிதத்தை நெஞ்சுவலிக்குப் பொருத்தி டயமண்ட், ஃபாரஸ்டர் என்னும் மருத்துவர்கள் 1979இலேயே இதை விளக்கிவிட்டனர்.

மார்பகமும் உதரவிதானமும் கதிர்களை மறைப்பதால், குறைபாடில்லாத தசையும் அணுக்கதிர்ப் படத்தில் குறைபாடுள்ளதாகத் தோன்றக்கூடும். அந்த நிழலைத் தெளிவுபடுத்தவே சி.டி. படம், சில வேளைகளில் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் என்று செலவும் கதிர்வீச்சும் தொடர்கின்றன. அமெரிக்க இதயவியல் கல்லூரி, அறிகுறியோ உயர் அபாயக் குறிகளோ இல்லாதவர்களுக்குத் தொடக்க மதிப்பீடாக இச்சோதனை வேண்டாமென 2012இல் அறிவுறுத்தியது. இன்னும் வியப்பானது, அறிகுறியற்ற 1,123 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான 'டையாட்' (DIAD) ஆய்வு: அபாயம் கூடிய அவர்களிடையே கூட, படச் சோதனை மாரடைப்பையும் இதய மரணத்தையும் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

அப்படியானால் இந்தியர்களின் கூடுதல் அபாயத்தை என் செய்வது? வயது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு அபாயத்தை மதிப்பிடும் சிங்கப்பூரின் அளவுகோல் இனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டமும் இதய அபாயத்தைக் கண்டறியப் படச் சோதனையை அன்றி, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையே சோதிக்கிறது. சமூகத்தின் சராசரி, புகைக்காத முப்பது வயதுப் பெண்ணொருத்தியின் தனி அபாயமாகிவிடாது.

படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் தணிகிறது என்பவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு தொடக்கத்திலேயே கூடிவிடுவதால், இதே படம் அங்கே பயனுள்ள சான்றாகிறது.