ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

"அண்ணே, மொட்டை மாடியில செடிகளுக்கு முக்கோணம் முக்கோணமா ஒரு கூண்டு போடப்போறேன். எந்த பைப் வாங்கலாம்?" என்று கேட்டான் தம்பி. டீ வரட்டும் என்றேன். பைப் இரண்டாவது கேள்வி. ஆறு பைப் ஒரே இடத்தில் வந்து சேருமே, அங்கே என்ன செய்யப்போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. அந்த இடத்தைக் கணு என்று வைத்துக்கொள்வோம்.

நாலு குச்சியை முனைக்கு ஒரு ஆணி வைத்துக் கட்டமாக அடித்தால், தள்ளினதும் சாயும். மூன்று குச்சி சாயாது. கூண்டின் பலமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இருபது சம முக்கோணங்களாலான ஓர் உருண்டையை எடுத்து, ஒவ்வொரு விளிம்பையும் பாதியாக்கி, நடுப்புள்ளியைக் கோளத்தின் பரப்புக்குத் தள்ளுங்கள். அந்தக் கோளத்தைப் பாதியில் வெட்டினால் 65 குழாய், 26 கணு, 40 முக்கோணம். குழாயில் இரண்டே நீளம்: ஆரத்தை 0.5465-ஆல் பெருக்கினால் குட்டை, 0.618-ஆல் பெருக்கினால் நெட்டை.

4 மீட்டர் அகலக் கூண்டுக்கு ஆரம் 2 மீட்டர். குட்டை 109.3 செ.மீ., 30 வேண்டும். நெட்டை 123.6 செ.மீ., 35 வேண்டும். இவை ஓட்டைக்கு ஓட்டை அளவு, பைப்பின் நீளமல்ல. முனைக்கு 2 செ.மீ. சேர்த்து வெட்டவேண்டும். இதை மறந்து மொத்த பைப்பையும் குட்டையாக வெட்டிப்போட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்; தினம் கண்ணாடியில் பார்க்கிறேன். 6 மீட்டர் பைப் 15 போதும்.

சின்னக் கூண்டுக்கு, முனையை நசுக்கி, ஓட்டை போட்டு, கணுவுக்கு ஒரே போல்ட்டில் கோர்க்கும் முறையே எனக்குப் பிடித்தது. வெல்டிங் வைத்தால் விறைப்புக் கிடைக்கும்; ஆனால் துத்தநாகப் பூச்சு கருகி அங்கிருந்தே துரு பிடிக்கும், அளவு தப்பினால் திருத்தவும் முடியாது. நசுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. பைப்பின் நெடுகத் தையல் ஓடும். அது மடிப்பில் வந்தால் பிளக்கும், தட்டைப் பக்கத்தில் வரும்படி வைஸில் வையுங்கள். இரண்டு முனையும் ஒரே தளத்தில் தட்டையாக வேண்டும். நசுக்கிய பிறகே ஓட்டை. முதலில் ஓட்டை போட்டால் நசுக்கும்போது அது நீண்டுபோகும். பிறகு முனையை உள்பக்கமாக மடக்க வேண்டும்: குட்டைக்கு 16 டிகிரி, நெட்டைக்கு 18. கனம் 2 மி.மீ. பைப் என்றால் நசுங்கிய முனை 4 மி.மீ.; ஆறு அடுக்கினால் 24. வாஷர், நட் சேர்த்து 40 மி.மீ. போல்ட்டாவது வேண்டும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். 10 மி.மீ. போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை போட்டால் என்ன கெட்டுவிடும் என்று பட்டறையில் கேட்பார்கள். ஒரு முனையில் அரை, மறு முனையில் அரை என்று குழாய் 1 மி.மீ. உள்ளே நழுவலாம். உச்சியில் சேரும் ஐந்து குழாய்களும் 16 டிகிரிதான் சாய்ந்திருக்கின்றன. ஐந்தும் 1 மி.மீ. நழுவினால் கணு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். முக்கோணங்களை இன்னும் பொடியாக்கிச் சாய்வை 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே ஆட்டத்துக்கு 11 மி.மீ. இறங்கும். அதன்பின் பாரம் ஏறினால் எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் டக்கென்று உள்வாங்குமே, அப்படிக் கணு குழிந்துவிடும். முக்கோணம் கூடினால் பலமும் கூடும் என்று நினைப்பது தவறு. கூடக்கூட ஜாயின்ட் இன்னும் இறுக்கமாக வேண்டும்.

இந்தக் குழிவைத் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. மான்ட்ரியாலில் 1967 கண்காட்சிக்கு பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எழுப்பிய 76 மீட்டர் கோளம் ஒற்றைத் தோல் அல்ல. வெளியே முக்கோண வலை, உள்ளே அறுகோண வலை, இரண்டையும் பிணைக்கும் குழாய்கள். ஒரு கணு உள்ளே போக நினைத்தாலும் பின்வரிசை விடாது. 1976-இல் அக்ரிலிக் போர்வை முழுதும் தீயில் போயிற்று. எஃகுக்கூடு இன்றும் நிற்கிறது. அவருடைய தொடக்கம் இவ்வளவு கம்பீரமில்லை. 1948-இல் பிளாக் மவுன்டன் கல்லூரியில் ஜன்னல் மறைப்புப் பட்டைகளால் கட்டிய கூண்டு எழும்பவே இல்லை. மறு வருஷம் அலுமினியக் குழாயில் கட்டினார். மாணவர்கள் அதில் தொங்கிக் காட்டினார்கள். அவருக்கும் முன்பே, 1920-களில், ஜெர்மனியின் யேனாவில் கோளரங்கத்துக்காக வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் இதே மாதிரி இரும்பு வலை பின்னிக் கான்கிரீட் பூசியிருந்தார்.

தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குட்டைக்கு ஒரு பெயிண்ட் அடியுங்கள். ஐந்து குழாய்க் கணுவில் எல்லாமே குட்டை. ஆறு குழாய்க் கணுவில் எதிரெதிராக இரண்டு குட்டை, மீதி நாலு நெட்டை. தரையிலுள்ள பத்துக் கணுவில் ஒன்று குட்டை, மூன்று நெட்டை. அந்தப் பத்தையும் தளத்தோடு பிடித்துக் கட்டுங்கள்; ஷீட் போர்த்திய கூண்டை ஆடிக்காற்று தூக்கும். கடைசிப் போல்ட் நுழையும்வரை எந்த நட்டையும் முறுக்கவேண்டாம். அது நுழையவில்லையென்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். எங்கோ ஒரு நெட்டை குட்டையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.