மூன்றாம் மாத ஸ்கேனில் எழுத வேண்டிய ஒரு வரி

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஸ்கேன் மையத்துக்கு இன்று பஞ்சமில்லை. வயிற்றில் இரட்டை என்று தெரிந்ததும் வீடே பூரித்துப்போகிறது. இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. மிச்ச ஆறு மாதத்தையும் எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்த ஒரு விடையில்தான் இருக்கிறது. 11 முதல் 14 வாரத்துக்குள், இரு பனிக்குடங்களுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். மாதம் ஏற ஏற அந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தவறு.

ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியில் வளர்கிறார்கள். அதற்குள் இருவரின் ரத்தக்குழாய்களும் பின்னிக்கிடக்கும். போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. இப்படிப்பட்ட 100 ஜோடிகளில் 10 முதல் 15 ஜோடிக்கு ரத்தம் ஒரு பக்கமாகவே ஓடத் தொடங்குகிறது. கொடுக்கும் சிசுவுக்கு ரத்தம் குறைந்து, சிறுநீர் குறைந்து, பனிக்குட நீர் 2 செ.மீ. ஆழத்துக்கும் கீழே வற்றுகிறது. வாங்கும் சிசுவுக்கோ நீர் 8 செ.மீ.யைத் தாண்டிப் பெருகுகிறது. மிகுந்த ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகிறது. கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் சாகலாம். கடுமையான நிலையில் சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் இரண்டுமே தங்குவதில்லை. தாய் இரட்டை வாழைப்பழம் தின்றதற்கும், சத்தாகச் சாப்பிடாததற்கும், பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் நின்றதற்கும் இதில் பங்கே கிடையாது. இழப்போடு அந்தப் பழியையும் அவள் தலையில் ஏற்றுவது கொடுமை.

அபூர்வமாக வரும் நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஏறத்தாழ 4 ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டைக் கர்ப்பம்; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நஞ்சுக்கொடி. அப்படியானால் பத்தாயிரம் பிரசவம் நடக்கும் வட்டாரத்தில் ஒரே நஞ்சுக்கொடி இரட்டையர் ஏறத்தாழ 27 ஜோடிகள் இருப்பார்கள். அவர்களில் மூன்று நான்கு ஜோடிக்கு இது வரும். எல்லாக் கர்ப்பிணிகளையும் துரத்த வேண்டியதில்லை. அந்த 27 தாய்மாரை மட்டும் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்ற பயமும் இங்கே பொருந்தாது. அது ஒலி அலை, எக்ஸ்ரே கதிர் அல்ல.

கண்டுபிடித்தாலும் சிகிச்சைக்குச் சென்னைவரை ஓட வேண்டுமே என்பதுதான் கனமான ஆட்சேபம். கருப்பைக்குள் நுண்குழாய் செலுத்தி, இணைப்புக் குழாய்களை லேசரால் அடைக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை, செலவும் அதிகம். ஆனால் பலன் அளந்து பார்க்கப்பட்டது. 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் செய்தவர்களில் 76 சதவீதத்தினருக்கு ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டிப் பிழைத்தது. நீரை மட்டும் வடித்தவர்களில் 56 சதவீதம். லேசர் செய்தும் நாலில் ஒரு தாய் இரண்டையும் இழந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் 16 முதல் 26 வாரம்வரைதான். தொலைவு அதிகம் என்பதாலேயே முன்கூட்டித் தெரிவது இங்கே கூடுதல் அவசியம். முன்பே தெரிந்தால் மதுரையில் காட்டி, பணம் புரட்டி, பொதிகை எக்ஸ்பிரஸில் ஓரிரவில் சென்னை சேரலாம். தொடக்க நிலையில் பலருக்கு லேசர் தேவைப்படாமலே சீராக நிற்பதும் உண்டு. தொடர்ந்து பார்த்துவந்தால்தான் அதுவும் தெரியும். ஆகவே ‘நஞ்சுக்கொடி ஒன்று’ என்பதை ஸ்கேன் மையம் அறிக்கையிலும், கிராம சுகாதார செவிலியர் தாயின் அட்டையிலும் பெரிதாக எழுதட்டும். அந்தத் தாய்க்கு ஒன்றை மட்டும் தவறாமல் சொல்லிவைக்கட்டும்: சில நாளுக்குள் வயிறு திடுமெனப் பெருத்து மூச்சு வாங்கினால், இரட்டை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிடாமல் அன்றைக்கே வந்துவிடு.