ஜொள்ளு விடும் பாப்பாவுக்கு மருந்து வேண்டாம், துணி போதும்!

மூணு மாசம் முடிந்ததுமே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பாப்பாவின் வாயிலிருந்து ஜொள்ளு கொட்டுகிறதா? சட்டை நனைகிறது, கழுத்து மடிப்பு சிவக்கிறது. "பல் முளைக்கப் போகுது" என்கிறார் பாட்டி. "வசம்பைச் சுட்டு நாக்கில தடவு, நின்னுடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். "எச்சில் வற்ற ஏதாவது சூரணம் இருக்கா டாக்டர்?" என்று கேட்கும் தாய்மார்களும் உண்டு.

வேண்டவே வேண்டாம்! சுமார் 3 மாதத்தில் எச்சில் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடும். ஊறுவதை உடனுக்குடன் விழுங்கும் பழக்கம்தான் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. பெரும்பாலும் 2 வயதுக்குள் தானாகவே குறைந்துவிடும். நாம் நிறுத்த வேண்டியது எச்சிலை அல்ல. தோலில் தங்கும் ஈரத்தை. அதற்கு வீட்டிலேயே தைத்த 'பிப்' போதும்.

என்ன தேவை?

நைந்த பருத்தி வேட்டி அல்லது நூல் புடவை, ஒரு பழைய டர்க்கி டவல், செருப்பில் வருகிற வெல்க்ரோ பட்டை கொஞ்சம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் இரண்டு முறை துவைக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் வைக்காதீர்கள். வேர்த்துப் புழுங்கும்.

எப்படித் தைப்பது?

வேட்டித் துணியில் இரண்டும் டவலில் ஒன்றுமாக, 9 அங்குல அகலம், 11 அங்குல நீளத்தில் வெட்டுங்கள். மேல் விளிம்பின் நடுவில் 4 அங்குல அகலம், 2 அங்குல ஆழத்துக்குக் கழுத்து வளைவு. ஓர் அங்குல அகலம், 4 அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகள் தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள். வேட்டித் துணி இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, தோள் முனைகளில் பட்டைகளை நடுவே செருகி, மேலே டவலை வையுங்கள். அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். கீழே 3 அங்குலம் திறந்திருக்கட்டும். அதன் வழியே புரட்டினால் டவல் நடுவில் போய்விடும். திறப்பை மூடி, ஓரத்தில் இன்னொரு தையல் போடுங்கள். பட்டைகளில் வெல்க்ரோ வைத்துத் தைத்தால் பிப் தயார்.

நாடா, ஊக்கு, மணி, பட்டன் எதுவும் வேண்டாம். நாடா கழுத்தை இறுக்கும். பட்டன் பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். மாட்டிய பிறகு கழுத்துக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

மறக்கக் கூடாத ஒன்று

குழந்தை தூங்கும்போது பிப்பைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். "அஞ்சு நிமிஷம்தானே" என்று விடாதீர்கள். புரளும்போது துணி முகத்தை மூடலாம், கழுத்தை இறுக்கலாம். தொட்டிலானாலும் மடியானாலும் இதே விதிதான்.

ஒரு நாளைக்கு ஆறேழு பிப் கைவசம் இருக்கட்டும். நனைந்ததும் மாற்றுங்கள். மிதமான சோப்பில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். துணியை மிருதுவாக்கும் திரவங்களில் முக்கினால் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

கழுத்து மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டிதட்டி உறுத்தும், மூச்சிலும் போகும். தோல் வெடித்து நீர் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் பல் மேல் பழி போடாதீர்கள். பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது. திடீரென்று ஜொள்ளு அதிகமாகி, காய்ச்சலடித்து, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே கைவைத்தியத்துக்கு வேலையில்லை. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

மற்றபடி, சிரிக்கச் சிரிக்க ஜொள்ளு விடும் பாப்பா ஆரோக்கியமான பாப்பாதான். பழைய வேட்டியைத் தேடி எடுங்கள்!