மிதிவண்டி நேரப் போட்டி

போட்டியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டு, ஒரே தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு வெற்றியாளரை முடிவுசெய்யும் மிதிவண்டிப் பந்தயம் நேரப் போட்டி எனப்படும். வீரர்களிடையே ‘டைம் ட்ரையல்’ என்ற பெயரே வழக்கில் உள்ளது. பெரும்பாலும் ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிட இடைவெளி விடப்படும். எல்லைக்கோட்டை முதலில் தொட்டவரே வென்றவர் என்ற கணக்கு இங்கே இல்லை.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டாரத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என எந்தப் பிரிவானாலும் வண்டிகள் சாலையில் ஒன்றாகப் புறப்படும். இடம் பார்த்து முந்துவது சாரதியின் திறமை. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா வேறு வகை. அங்கே 200 அல்லது 300 மீட்டர் பாதையில் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக நேரம் குறிக்கிறார்கள். மிதிவண்டி நேரப் போட்டி இந்த ரேக்ளாவுக்குத்தான் உறவு.

கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றின் தடையிலிருந்து தப்பலாம். நேரப் போட்டியில் அந்த மறைவு கிடையாது. சமதரையில் வேகம் கூடக்கூட, வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 40 ஆக்க, அது இரண்டேகால் மடங்குக்கும் மேல் தேவை. குனிந்து படுத்தாற்போல ஓட்டுவதும், முன்கைகளை நீட்டி ஊன்றும் கைப்பிடியும், ஆரக்கம்பிகள் தெரியாத தட்டுச் சக்கரமும் இதற்காகத்தான்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் வரும் சாலை பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று கரிசல் வெளியில் தடுப்பாரின்றி வீசும். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பி நிற்பவை. இத்தகைய சாலையில் 20 கி.மீ. கிழக்கே போய், அதே வழியில் திரும்பும் போட்டி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். போகும்போது மணிக்கு 50 கி.மீ., எதிர்காற்றில் திரும்பும்போது 30 கி.மீ. என்றால் சராசரி 40 என்று தோன்றும். போக 24 நிமிடம், வர 40 நிமிடம், மொத்தம் 64 நிமிடம், சராசரி 37.5 தான். காற்று போகும்போது கொடுத்ததைவிட வரும்போது கூடுதலாகப் பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே தேர்ந்த வீரர் பின்காற்றில் துள்ளிக் குதிப்பதில்லை. மிச்சம் பிடித்த தெம்பை எதிர்காற்றில், அதாவது அதிக நேரம் செலவாகும் பகுதியில், இறக்குவார். புதியவர்கள் பலர் முதல் சில நிமிடங்களிலேயே மூச்சைத் தொலைப்பது வழக்கம்.

பின்னால் வருபவர் எட்டிப் பிடித்தாலும் ஒட்டி ஓட்டக் கூடாது. முந்தும்போது பக்கவாட்டில் 2 மீட்டர் விட வேண்டும். பின்தங்கியவர் 25 மீட்டர் தள்ளியே வர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. குழு நேரப் போட்டியில் மட்டும் ஒரே அணியினர் மாறி மாறி முன்னே வந்து காற்றை வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வகைப் போட்டி இங்கிலாந்தில் 1890களில் உருவானது. பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவது காவல்துறையின் கெடுபிடிக்கு உள்ளானதால், கருப்பு உடை அணிந்து விடியற்காலையில் தனித்தனியே புறப்பட்டனர். பந்தயம் நடப்பதே வெளியே தெரியக் கூடாது என்ற எண்ணம்! உலகச் சாலைப் போட்டிகளில் தனிநபர் நேரப் போட்டி 1994இல் சேர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் மிகேல் இந்துரைன் தங்கம் வென்றார். இந்தியாவில் தேசியச் சாலை மிதிவண்டிப் போட்டிகளிலும் இது ஒரு பிரிவு.

பல நாள் பந்தயங்களில் சில கட்டங்கள் நேரப் போட்டியாக அமையும். 1989 டூர் டி பிரான்சின் கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. நேரப் போட்டி. 50 வினாடி முன்னிலையில் இருந்த பிரான்சின் லோரான் ஃபினியோன் கடைசியாகப் புறப்பட்டார். அவருக்கு முன்னே சென்ற அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் நீட்டிய கைப்பிடியும் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமும் பயன்படுத்தினார். ஃபினியோன் வெறுந்தலையுடன், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். அன்று அவர் இழந்தது 58 வினாடி. 3,200 கி.மீ.க்கும் மேற்பட்ட பந்தயம் 8 வினாடியில் கைமாறியது. அப்போட்டியின் வரலாற்றில் மிகக் குறைந்த வெற்றி வித்தியாசம் இதுவே.