உங்களுக்குத் தெரியுமா? பெண்கள் லீவு போட்டதும் ஸ்தம்பித்த நாடு!

● 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் வேலைக்கும் போகவில்லை, வீட்டில் சமைக்கவும் இல்லை. ஆண்களைவிடக் குறைந்த சம்பளம், வீட்டு வேலைக்கு மதிப்பே இல்லை என்பதுதான் அவர்களின் குறை.

● பள்ளிகள் மூடப்பட்டன. மீன் பதப்படுத்தும் ஆலைகள் நின்றன. தொலைபேசிச் சேவை முடங்கியது. வங்கிகளில் மேலதிகாரிகளே கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணினார்கள். சம்பளக் கணக்கில் வராத உழைப்பின் மதிப்பு ஒரே நாளில் புரிந்தது.

● அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள். வானொலிச் செய்திக்கு நடுவே குழந்தைகளின் சத்தம் கேட்டது. சட்டென்று சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது.

● மறுவருடமே ஆண், பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் விக்திஸ் ஃபின்பொகாதோத்திர் வென்றார். தேர்தலில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்தான்.

● 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 25 பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் நிறுவனங்கள் சம வேலைக்குச் சம ஊதியம் தருவதாகச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது.

● 2023 அக்டோபர் 24-இல் மறுபடியும் வேலைநிறுத்தம். இந்த முறை அதில் சேர்ந்து வேலைக்குப் போகாதவர்களில் ஒருவர், அந்நாட்டின் அப்போதைய பிரதமர் கத்ரின் யாகோப்ஸ்தோத்திர்!