"எப்போது தொடங்கியது?" வைத்தியரின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை

தம்பியை அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போன அன்று, வைத்தியர் எங்களிடம் முதலில் கேட்டது "இது எப்போது தொடங்கியது?" என்றுதான். "ரெண்டு கிழமை சேர்" என்றேன். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவன் உம்மா வைத்த சோற்றைத் தள்ளிவிட்டு, அதில் நஞ்சு கலந்திருப்பதாகக் கத்தினான். வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார். "அவசரமில்லை. போன வருஷம் தம்பி எப்படி இருந்தார், பிறகு என்னென்ன மாறியது என்று யோசித்து எழுதுங்கள்" என்றார். எழுதி முடித்துக் கணக்குப் பார்த்தேன். பதின்மூன்று மாதம்.

அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "பேர மட்டும் போடாதீங்க நானா" என்றான்.

தாளில் இருந்தவை

உயர்தரத்துக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தான். முதலில் டியூஷனுக்குப் போவது நின்றது. புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பான். பரீட்சைப் பயம் என்றோம். இரவில் விழித்திருந்து பகலில் தூங்கினான். போன் பழக்கம் என்றோம். கூட்டாளிமார் வந்தால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டான். பெயிலான வெட்கம் என்றோம். குளிப்பதையும் உடுப்பு மாற்றுவதையும் விட்டான். சோம்பல் என்றோம். பள்ளியில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகச் சொல்லி ஜும்ஆவுக்கும் போகாமல் இருந்தான். ஈமான் குறைந்துவிட்டது என்று வாப்பா ஏசினார். பிறகு போன் கெமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டினான். தனியாக இருக்கும்போது மெல்லப் பேசிச் சிரித்தான். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

இது என்ன?

இந்த நிலையை வைத்தியர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். தமிழில் உளமாய நோய் என்று எழுதுவார்கள். எது உண்மை, எது தன் மனம் உண்டாக்கியது என்று பிரித்தறியும் சக்தி குறைந்துபோகும் நிலை அது. ஆள் இல்லாமல் குரல் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிவிடும். நோயாளி பொய் சொல்வதில்லை, நடிப்பதுமில்லை. நமக்கு இந்த எழுத்து தெரிவதுபோல அவருக்கு அந்தக் குரல் கேட்கிறது.

பெரும்பாலும் இது பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. பரம்பரை, கடுமையான மன அழுத்தம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கஞ்சாவும் ஐஸும் இதைத் தூண்டிவிடக்கூடியவை. சிலவேளை மூளைக் காய்ச்சல், வலிப்பு, தைரொய்ட் போன்ற உடல் நோய்களாலும் இப்படி வரலாம். வைத்தியர்கள் இரத்தப் பரிசோதனை செய்வது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் இது வருவதுண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். நாற்பது நாளைக்குள் இருக்கும் தாய் தூக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விசித்திரமாக எதையாவது சொன்னால், நாற்பது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எதைக் கவனிப்பது?

தனிமையை விரும்புகிற பிள்ளை எல்லாம் நோயாளி அல்ல. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. மூன்று விடயங்களைப் பாருங்கள் என்றார் வைத்தியர். முன்பிருந்த ஆளாக இல்லாமல் மாறியிருக்கிறாரா? ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்து வருகின்றனவா? அவை கிழமைக் கணக்கில் நீடித்துக் கூடிக்கொண்டே போகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் காட்டிப் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை. நோய் இல்லை என்றால் நிம்மதியாக வீடு திரும்பலாம். இருந்தால், எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பும் கூடும்.

நாங்கள் விட்ட பிழை

எங்களுக்குப் பயம் வந்த பிறகும் நாங்கள் வைத்தியசாலைக்குப் போகவில்லை. ஜின் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார், செய்வினை என்றார் இன்னொருவர். இஸ்ம் கட்டினோம். ஒரு பரிசாரி, ஜின்னை விரட்டுவதாகச் சொல்லி என் தம்பியைப் பிரம்பால் அடித்தார். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அதை அவன் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நாட்களில் தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியில் தெரிந்தால் பேச்சு குழம்பிவிடும் என்று மறைத்தோம். நம்மில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது.

ஓதுவதை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உம்மா இன்றும் அவனுக்கு ஓதி ஊதுகிறார், அவனுக்கு அது ஆறுதல். ஆனால் ஓதுவது மருந்துக்குத் தடையாகக் கூடாது. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதியிருக்கிறார். நம் மௌலவிமாரிடம் ஒரு வேண்டுகோள்: ஓதிப் பார்க்க வருகிறவர்களிடம் "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களிடம் அப்படிக் கேட்டது எங்கள் பள்ளி இமாம்தான். அதற்குப் பிறகே நாங்கள் வைத்தியசாலைக்குப் போனோம்.

என்ன செய்யலாம்?

வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் உனக்கு அது பயமாக இருக்கும் என்று விளங்குகிறது" என்று சொல்லலாம். தூக்கமில்லை, கவனம் இல்லை என்று அவரே ஒத்துக்கொள்ளும் ஒன்றைக் காட்டி வைத்தியரிடம் அழைப்பது எளிது. தம்பி தூக்கத்துக்கு மருந்து எடுக்கத்தான் எங்களுடன் வந்தான்.

அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். சாவதைப் பற்றிப் பேசினால், பிறரைத் தாக்கச் சொல்லிக் குரல் கேட்பதாகச் சொன்னால், சாப்பாடு தண்ணீரை மறுத்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

சுகமானதும் மருந்தை நிறுத்த வேண்டாம். முதல் நோன்பு காலத்தில் தம்பி யாரிடமும் கேட்காமல் மாத்திரையை விட்டான். பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை குரல்கள் திரும்பி வந்தன. மறு வருடம் நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டோம். மாத்திரையை இரவு நேரத்துக்கு மாற்றித் தந்தார்.

இப்போது தம்பி ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். ஜும்ஆவுக்குப் போகிறான். உயர்தரத்தை மட்டும் அவன் பிறகு எழுதவில்லை. போன பதின்மூன்று மாதத்தை எங்களால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருவதாகத் தோன்றினால், இன்றிரவே ஒரு தாளை எடுத்து எப்போது தொடங்கியது என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள்.