செயலிவழி மதிப்பீடும் பிழைவகை அறிதலும்

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக வகைப்படுத்துகிறது. புதுக்கோட்டை மாவட்டம் உள்ளிட்ட மாநிலமெங்குமுள்ள அரசுப் பள்ளிகளில் இம்மதிப்பீடு செயலிவழிப் பதிவுசெய்யப்பட்டது. விடைகளை எண்ணித் தொகுக்கும் சுமையை இத்தகைய கருவி குறைக்கவல்லது. எனினும் பிழையின் காரணத்தை எண்ணிக்கை உணர்த்தாது.

'வாழை' என்பதை ஒரு குழந்தை 'வாளை' என எழுதுவது, பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதன் விளைவாகலாம். 'வழை' என எழுதுவது துணைக்கால் விடுபட்ட வரிவடிவப் பிழை. முன்னதற்கு ஒலிப்புப் பயிற்சியும் பின்னதற்கு எழுத்துப் பயிற்சியும் வேண்டும். சரி, தவறு என்னும் பதிவில் இரண்டும் ஒன்றே. ஆகவே, கருவியால் மிஞ்சும் நேரம் பிழைவகைகளைப் பகுத்தறியும் பணிக்கே ஆசிரியருக்குக் கிடைத்தல் வேண்டும். வேறு பதிவுப் பணிகள் அதனை நிரப்பின் சுமை இடம் மாறியதேயன்றிக் குறைந்ததாகாது.